இரத்தத்திற்கு விலையில்லை: கொடுத்தவர்களும் தயங்கியவர்களும்

 

மருத்துவம் எவ்வளவோ முன்னேறிய பிறகும், இரத்தத்தை ஓர் ஆலையில் உற்பத்தி செய்து மருத்துவமனைகளுக்கு அனுப்பும் வழி மனிதனுக்குக் கிட்டவில்லை. பிரசவத்தில் குருதி இழந்த தாய்க்கும், சாலை விபத்தில் அடிபட்ட வாலிபனுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கும் ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தமும் யாரோ ஒருவர் தம் கையை நீட்டியதால் வந்தது. ஆகவே இரத்தம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் மனிதர்களின் மனத்தைப் பொறுத்தே அமைகின்றன.

அந்த மனம் சிலரிடம் ஏன் திறக்கிறது, பலரிடம் ஏன் திறப்பதில்லை? மதரஸாவில் பாடம் நடத்தும் என்னிடம் இது பல வடிவங்களில் கேட்கப்படுவதுண்டு. "இரத்தம் நஜீஸ்தானே, அதை இன்னொருவர் உடலில் ஏற்றலாமா?" என்பார் ஒருவர். "கணவரின் இரத்தத்தை மனைவிக்கு ஏற்றினால் நிகாஹ் என்னாகும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார் மற்றொருவர். "நோன்பு வைத்துக்கொண்டு கொடுக்கலாமா?", "யார் யாருக்கோ ஏற்றுவார்களே, நன்மை கிடைக்குமா?" என்ற கேள்விகளும் வரும். இவற்றில் எதுவும் நகைப்பிற்குரியதன்று. இவற்றுள் சில கேள்விகளை முன்னோர்களான உலமாக்களே தம்மிடம் கேட்டுக்கொண்டு, நூல்களைப் புரட்டி விடை தேடினார்கள். அந்த வரலாற்றையும், மருத்துவ உலகில் இரத்தம் கொடுக்கும் வழக்கம் தோன்றிய வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இரத்தத்தைக் கொடுக்கலாம், விற்கலாகாது என்ற ஓரிடத்தில் இரண்டு வரலாறுகளும் வந்து சேர்கின்றன.

முன்னோர்கள் முன் இருந்த சட்டம்

அறியாமைக் கால அரபியரிடம் இரத்தம் உணவாக இருந்தது. பசி மிகுந்தால் ஒட்டகத்தின் உடலில் கீறி, வழியும் இரத்தத்தைக் குடலில் அடைத்துச் சுட்டு உண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். திருக்குர்ஆன் இந்த வழக்கத்தைத் தடை செய்தது. அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனமும், அல்மாயிதாவின் 3ஆம் வசனமும் இரத்தத்தை ஹராம் எனக் கூறுகின்றன. அல்அன்ஆமின் 145ஆம் வசனம், வழிந்தோடும் இரத்தமே அது எனத் தெளிவாக்குகிறது. இவ்வசனங்களிலேயே ஒரு விதிவிலக்கும் உள்ளது. வரம்பு மீறும் எண்ணமின்றி, வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்திற்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பதே அது. பிற்காலத்து ஃபத்வாக்கள் அனைத்தும் இந்த வாசலின் வழியாகவே வந்தன.

ஹதீஸ் நூல்களில் இரத்தம் இன்னோர் இடத்திலும் பேசப்படுகிறது. நபித்தோழர் அபூஜுஹைஃபா (ரலி) அவர்கள் ஓர் அடிமையை விலைக்கு வாங்கினார்கள். ஹிஜாமா எனப்படும் இரத்தம் உறிஞ்சி எடுக்கும் தொழில் அவருடையது. அபூஜுஹைஃபா (ரலி) அவர்களோ அவருடைய கருவிகளை உடைத்துவிடச் சொன்னார்கள். காரணம் கேட்ட மகனிடம், இரத்தத்தின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடை செய்திருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி இது.

அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் தமக்கு ஹிஜாமா செய்த அபூதைபா என்பவருக்கு உணவுப் பொருளைக் கூலியாகக் கொடுக்கச் செய்தார்கள். அவருடைய எசமானர்களிடம் பேசி, அவர் செலுத்த வேண்டிய தொகையையும் குறைக்கச் செய்தார்கள். அந்தக் கூலி ஹராமாக இருந்திருந்தால் நபியவர்கள் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கம் தருகிறார்கள். இரண்டு செய்திகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்த அறிஞர்களில் சிலர், தடை செய்யப்பட்ட 'இரத்தத்தின் விலை' என்பது இரத்தத்தையே பொருளாக்கி விற்பதைக் குறிக்கும் என்றார்கள். உழைப்பிற்குக் கூலி உண்டு. இரத்தத்திற்கு விலை இல்லை. ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு இரத்தத்தை மாற்றலாம் என்று எவரும் எண்ணிப் பார்த்திராத காலத்தில் வகுக்கப்பட்ட இந்த வேறுபாடு, பல நூற்றாண்டுகள் கழித்து எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

ஆட்டுக்குட்டியின் இரத்தம்

இரத்தம் உடலுக்குள் எவ்வாறு செல்கிறது என்பதை அறியாமல் அதை ஏற்ற முடியாது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுந் நஃபீஸ் (ரஹ்) மருத்துவராகவும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகவும் விளங்கியவர். இதயத்தின் வலப்புற இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சென்று சேர்கிறது என்று அவர் எழுதிவைத்தார். கி.பி. 1288இல் அவர் மறைந்த பின் அந்த எழுத்து நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியில் அதைக் கண்டெடுத்தார். உடல் முழுவதும் இரத்தம் சுற்றிவருவதை 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி நிறுவினார். அதன் பிறகே ஐரோப்பிய மருத்துவர்களுக்கு இரத்தம் ஏற்றும் எண்ணம் பிறந்தது.

1667இல் பாரீஸ் நகரில் ழான் பாப்திஸ்த் தெனி என்ற மருத்துவர், காய்ச்சலால் நலிந்திருந்த 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை ஏற்றினார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். பின்னர் மனநலம் குன்றிய ஒருவருக்குக் கன்றின் இரத்தம் ஏற்றப்பட்டது. கன்றின் சாந்த குணம் இரத்தத்தின் வழியே அவருக்கும் வந்துவிடும் என்பது அவர்களின் நம்பிக்கை. அவர் இறந்துபோனார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. சில ஆண்டுகளுக்குள் பிரான்சில் இம்முறை தடை செய்யப்பட்டது. ஏறத்தாழ 150 ஆண்டுகள் எவரும் துணியவில்லை.

1818 முதல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல், மனிதருக்கு மனித இரத்தத்தையே ஏற்றிப் பார்த்தார். பிரசவத்தின் பின் குருதி வடிந்து இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பே அவரைத் தூண்டியது. அவரிடம் சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். எதனால் என்பது அவருக்கும் தெரியவில்லை. வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் இரத்தப் பிரிவுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்ட பிறகே காரணம் விளங்கிற்று. ஒத்துவராத பிரிவின் இரத்தம் உடலுக்குள் நஞ்சாகிவிடுகிறது. 1914இல் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்தால் இரத்தம் உறையாது என்பதும் கண்டறியப்பட்டது. அதுவரை கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். அதன் பிறகு இரத்தம் புட்டியில் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

இந்த நிகழ்வுகளை நினைவில் கொள்ளவேண்டிய காரணம் ஒன்று உண்டு. இரத்தம் ஏற்றுவதைக் கண்டு மக்கள் அஞ்சியது மூடத்தனத்தால் மட்டும் அன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது உண்மையிலேயே உயிரைப் பறிக்கக்கூடிய செயலாகத்தான் இருந்தது. அஞ்சுவதற்குரிய காரணம் நீங்கிய பிறகும் அச்சம் மட்டும் குடும்பங்களில் பரம்பரைச் சொத்தைப்போல் தங்கிவிட்டது. குணம் இரத்தத்தின் வழியே தாவும் என்ற பாரீஸ் நகரத்துப் பழைய எண்ணத்தை இன்றும் வேறு சொற்களில் நாம் கேட்கிறோம் அல்லவா?

'வங்கி' என்ற சொல் வந்த கதை

1921இல் லண்டனில் ஒரு மருத்துவமனை, நோயாளி ஒருவருக்கு உடனடியாக இரத்தம் தேவை என்று செஞ்சிலுவைச் சங்கக் கிளைக்குத் தொலைபேசியில் தெரிவித்தது. கிளையின் செயலாளராக இருந்த பெர்சி லேன் ஆலிவரும் உடனிருந்த தொண்டர்களும் புறப்பட்டுச் சென்றனர். அவர்களில் ஒருவரின் இரத்தம் பொருந்தியது. அன்றைய அனுபவம் ஆலிவரைச் சிந்திக்க வைத்தது. அழைத்தால் வரச் சம்மதிப்பவர்களின் பெயர், இரத்தப் பிரிவு, முகவரி ஆகியவற்றை அட்டைகளில் எழுதிவைத்தார். ஊதியம் ஏதுமின்றி, முன்பின் அறியாதவருக்கு இரத்தம் கொடுப்போரின் முறையான அணி இவ்வாறு உருவாயிற்று.

அமெரிக்காவில் வேறொரு வழி வளர்ந்தது. பணம் பெற்றுக்கொண்டு இரத்தம் கொடுப்பவர்கள் அங்கே பெருகினர். 1937இல் சிகாகோ நகரின் குக் கவுண்ட்டி மருத்துவமனையில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் இரத்தச் சேமிப்பகம் ஒன்றை நிறுவி, அதற்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார். வைப்பும் எடுப்பும் உள்ள இடம் என்பது அவர் கருத்து. எடுத்தவர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற எண்ணமும் அச்சொல்லோடு சேர்ந்தே வந்தது. நம் நாட்டில் இன்றும் நோயாளியின் உறவினரிடம் "இரத்தம் கொடுக்க ஆள் அழைத்து வாருங்கள்" என்று கேட்கப்படுவதன் வேர் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

கொடுக்க முன்வந்தவர்களைத் தடுத்த வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தொடக்கத்தில் கறுப்பின மக்களின் இரத்தத்தை ஏற்க மறுத்தது. 1942இல் ஏற்கத் தொடங்கிய பின்னும் அதற்குத் தனி அடையாளமிட்டுப் பிரித்தே வைத்தது. 1950இல்தான் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. இரத்தத்தில் பிரிவுகள் உண்டு, நிறங்கள் இல்லை என்பதை அறிவியல் முன்பே சொல்லியிருந்தும் மனிதர்கள் கேட்கவில்லை. அரபிக்கு அரபியல்லாதவரைவிடச் சிறப்பில்லை, இறையச்சத்தால் அன்றி எவருக்கும் மேன்மையில்லை என்ற நபிமொழியை அறிந்த நாம், "அவருடைய இரத்தமா எனக்கு?" என்று கேட்கும் உரிமையற்றவர்கள்.

உலமாக்கள் சொன்ன விடை

முஸ்லிம் நாடுகளில் இரத்தம் ஏற்றும் சிகிச்சை பரவியபோது கேள்விகள் எழுந்தன. எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு ஹஸன் மஃமூன் (ரஹ்) 1959இல் வழங்கிய ஃபத்வாவில், நோயாளியின் உயிரோ உடல்நலமோ அதனைச் சார்ந்திருந்தால் பிறர் இரத்தத்தை ஏற்றலாம் என்று கூறினார்கள். நிர்ப்பந்தத்திற்கு ஆளானவரைப் பற்றிய வசனமே இதன் அடிப்படை.

தேவ்பந்தில் பயின்று அங்கேயே ஃபத்வாப் பணியாற்றி, பின்னர் பாகிஸ்தானில் குடியேறிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) தம் 'மஆரிஃபுல் குர்ஆன்' விரிவுரையில் இதே வசனத்தின் கீழ் இப்பிரச்சினையை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விடை கண்ட முறை கவனிக்கத்தக்கது. தடைக்குரிய காரணங்கள் இரண்டு: இரத்தம் மனித உடலின் ஒரு பகுதி, அது நஜீஸும்கூட. முதலாவதற்கு அவர்கள் தாய்ப்பாலை எடுத்துக்காட்டினார்கள். பாலும் மனித உடலிலிருந்து வருவதே. ஆயினும் அதை எடுக்க உறுப்பை அறுக்க வேண்டியதில்லை. குழந்தையின் தேவைக்காக அல்லாஹ் அதை ஆகுமாக்கினான். மருந்துக்காகப் பெரியவர்கள் பயன்படுத்துவதையும் ஹனஃபீ நூல்கள் அனுமதித்துள்ளன. இரத்தமும் உறுப்பை வெட்டாமல் ஊசியின் வழியே எடுக்கப்படுகிறது. எடுத்த பின் மீண்டும் ஊறுகிறது. இரண்டாவது காரணமான நஜீஸுக்கு, வேறு மருந்தில்லாத நிலையில் தடுக்கப்பட்டதையும் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்ற சட்டம் விடையாயிற்று. சட்டத்தை ஒதுக்கிவிட்டு அவர்கள் அனுமதி தரவில்லை. சட்டத்திற்குள்ளேயே நின்று வழி கண்டார்கள்.

பாலோடு ஒப்பிட்டதும் அடுத்த ஐயம் பிறந்தது. பாலூட்டினால் உறவு ஏற்பட்டுத் திருமணம் ஹராமாகிறதே, இரத்தத்திலும் அப்படியா? மனைவிக்கு இரத்தம் கொடுத்த கணவரின் நிலை என்ன? ராபிதா அமைப்பின் ஃபிக்ஹுப் பேரவை ஹிஜ்ரி 1409 ரஜப் மாதம், அதாவது 1989 பிப்ரவரியில், மக்காவில் கூடித் தன் 11ஆவது அமர்வில் இதற்கு முடிவுரைத்தது. பாலூட்டலால் மட்டுமே அந்த உறவு உண்டாகும்; இரத்தம் ஏற்றுவதால் உண்டாகாது. கணவன் மனைவிக்குக் கொடுக்கலாம், நிகாஹுக்கு எந்தக் குறையும் இல்லை.

அதே அமர்வில் விலை பற்றியும் பேசப்பட்டது. இரத்தத்தை விற்பது கூடாது. வேறு எவ்வகையிலும் கிடைக்காத நிலையில் நோயாளி விலை கொடுத்து வாங்க நேர்ந்தால் அவர் மீது குற்றமில்லை. வாங்கிக்கொண்டவர் மீதே பாவம். ஊக்கமளிப்பதற்காக அன்பளிப்புத் தருவதில் தவறில்லை. அபூஜுஹைஃபா (ரலி) அவர்கள் உடைக்கச் சொன்ன கருவிகளின் செய்தி, பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இரத்த வங்கியின் வாசலில் சட்டமாக வந்து நின்றது.

விலை வைத்தபோது நேர்ந்தது

விலை ஏன் கூடாது? பசித்தவன் தன் இரத்தத்தை விற்று நாலு காசு பார்த்தால் யாருக்கு என்ன நட்டம்? இக்கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டு விடை தந்தது.

பிரிட்டனின் சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊதியமின்றிக் கொடுக்கும் பிரிட்டனையும் விலைக்கு வாங்கும் அமெரிக்காவையும் ஒப்பிட்ட அவர், விலைக்கு வந்த இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமிகளின் ஆபத்து மிகுதி என்று காட்டினார். காரணம் எளியது. நன்மை கருதிக் கொடுக்க வந்தவரிடம், "உங்களுக்கு அண்மையில் நோய் ஏதும் இருந்ததா?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார், பொய் சொல்லி அவர் அடையப்போவது ஒன்றுமில்லை. அன்றைய சோற்றுக்காக விற்க வந்தவரோ உண்மையைச் சொன்னால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். விலை, வறியவனின் வாயிலிருந்து உண்மையைப் பறித்துவிடுகிறது. இரத்தப் புட்டியின் மீது, அது பணம் பெற்றவருடையதா, தாமாகக் கொடுத்தவருடையதா என்று எழுத வேண்டும் என அமெரிக்கா 1978இல் விதி செய்தது.

ஈரானில் 1970களின் தொடக்கம் வரை இரத்தம் கடைச்சரக்காக இருந்தது. வறியவர்களும் போதைக்கு அடிமையானவர்களும் தரகர்கள் மூலம் விற்றார்கள். அந்த அவலத்தைக் காட்டிய திரைப்படம் ஒன்று சில ஆண்டுகள் திரைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. 1974இல் அங்கே தேசிய இரத்தமேற்று நிறுவனம் தொடங்கப்பட்டு, விலையற்ற கொடையைப் படிப்படியாக நிலைநாட்டியது. 2007இல் அந்நாடு உறவினரைக் கேட்டு வாங்கும் முறையையும் நிறுத்தி, முழுவதும் தாமாக முன்வருவோரின் கொடையாலேயே தேவையை நிறைவு செய்யும் நிலையை எட்டியது.

சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990களின் தொடக்கத்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. ஏழை விவசாயிகள் தங்கள் இரத்தத்தின் பிளாஸ்மாவை விற்றார்கள். பலருடைய இரத்தம் ஒன்றாகக் கலக்கப்பட்டு, பிளாஸ்மா பிரிக்கப்பட்டபின் எஞ்சிய சிவப்பணுக்கள் அவர்களுக்கே திருப்பிச் செலுத்தப்பட்டன. எச்.ஐ.வி. கிருமி ஊர் ஊராகப் பரவிற்று.

நம் நாடும் இந்த ஆபத்தின் விளிம்பில் நின்றது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். அந்நாளில் பல நகரங்களில் பணத்திற்கு இரத்தம் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். மருத்துவமனைகள் அவர்களை நம்பியிருந்தன. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 4ஆம் நாள் தீர்ப்பளித்து, இரத்த விற்பனையை இரண்டாண்டுகளுக்குள் ஒழிக்க ஆணையிட்டது. 1998 ஜனவரி 1 முதல் அது நாடெங்கும் தடை செய்யப்பட்டது. நீதிபதிகள் மருத்துவக் காரணங்களால் வந்தடைந்த இடமும், ஃபிக்ஹு அறிஞர்கள் நபிமொழியின் வழியே வந்தடைந்த இடமும் ஒன்றாகவே அமைந்ததைப் பாருங்கள்.

கடனா, ஸதகாவா?

விற்பனை நின்றது. அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது? அதிலிருந்தே இன்றைய நம் பொறுப்பு தொடங்குகிறது. தமிழகத்தில் முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் பலர் இரத்ததான முகாம்களை நடத்திவருவது மகிழ்ச்சிக்குரியது. அல்லாஹ் அவர்களின் பணியை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலோர் இரத்தம் கொடுக்கும் வேளை ஒன்றே ஒன்றுதான்: சொந்தக்காரர் மருத்துவமனையில் கிடக்கும்போது. அத்தாவுக்கு அறுவை சிகிச்சை என்றால் மருமகனும் மச்சானும் ஓடிவருகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்வதற்கில்லை. உறவினருக்கு உதவுவதில் இரட்டை நன்மை உண்டென்பது நாம் அறிந்ததே.

எனினும் அந்த முறையால் காப்பாற்ற முடியாதவர்கள் இருக்கிறார்கள். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். எத்தனை மாமன்மார் இருந்தாலும் எத்தனை மாதம் தாங்குவார்கள்? நள்ளிரவில் விபத்துக்குள்ளாகி, பெயர்கூடத் தெரியாமல் கொண்டுவரப்படுபவருக்கு எந்த உறவினர் வருவார்? பிரசவத்தில் குருதிப்பெருக்கு ஏற்பட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆள் தேடிக் கொண்டுவருவதற்குள் காரியம் கைமீறிவிடும். அவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே குளிர்பெட்டியில் காத்திருக்கும், யாரோ ஒருவர் முன்பே கொடுத்த இரத்தம்தான் வேண்டும். அதையும் நெடுநாள் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்கள் ஐந்தாறு வாரங்களே தாங்கும். இரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாட்கள்தாம்.

எடுத்ததற்கு ஈடாகக் கொடுப்பது கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கு ஒப்பானது. யாருக்கென்று தெரியாமல் கொடுப்பதே ஸதகா. அத்தஹ்ர் அத்தியாயத்தின் 8, 9ஆம் வசனங்களில் அல்லாஹ் நல்லோர்களை வர்ணிக்கிறான். அவர்கள் ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளிக்கிறார்கள். அவர்களிடமிருந்து கைம்மாற்றையோ நன்றியையோ எதிர்பார்ப்பதில்லை. அந்நாளில் முஸ்லிம்களிடம் கைதியாக இருந்தவர்கள் இணைவைப்போரே என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். "யார் யாருக்கோ ஏற்றுவார்களே, நன்மை உண்டா?" என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா? தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரையே அல்லாஹ் மன்னித்தான் எனில், மனித உயிருக்கு உதவியவரின் கூலியை அவன் வீணாக்குவானா? ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற அல்மாயிதாவின் 32ஆம் வசனத்தின் கருத்தும் நாம் அறிந்ததே.

எஞ்சியிருக்கும் தயக்கங்கள்

மார்க்கத்தின் பெயரால் இருந்த தடைகளுக்கு உலமாக்கள் விடை தந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பவை பெரும்பாலும் அச்சமும் பழக்கமின்மையும்தாம். அவற்றையும் எடுத்துப் பார்ப்போம்.

உடல் பலவீனமாகிவிடும் என்பது முதல் அச்சம். வயது வந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. எடுக்கப்படுவது 350 அல்லது 450 மில்லிலிட்டர். நீர்ப்பகுதி ஓரிரு நாட்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிறையும். நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களே. பழையது அழிந்து புதியது பிறந்துகொண்டே இருக்கும்படி அல்லாஹ் நம் உடலை அமைத்துள்ளான். 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 45 கிலோ எடைக்குக் குறையாத, ஹீமோகுளோபின் 12.5 கிராம் உள்ள, நலமான எவரும் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

பெண்கள் கொடுக்கக் கூடாது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. கர்ப்பக் காலம், பாலூட்டும் காலம், மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றில் கொடுக்க வேண்டாம் என்பது மருத்துவ விதி. ஏனைய நாட்களில், அளவு சரியாக இருந்தால் தடையில்லை. நம் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருப்பது மெய்தான். கொடுக்கச் சென்று, அளவு குறைவென்று திருப்பி அனுப்பப்பட்டாலும் நட்டமில்லை; கவனிக்கப்படாத குறை ஒன்று தெரியவந்தது என்று கொள்ளலாம்.

நோன்பு பற்றிய ஐயத்திற்கு ஹிஜாமாவே வழிகாட்டி. நோன்பாளி ஹிஜாமா செய்வதை நீங்கள் வெறுத்து வந்தீர்களா என்று அனஸ் (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, இல்லை, பலவீனம் ஏற்படும் என்பதற்காகவே தவிர்த்தோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது. எனினும் சோர்வு வரும் என்பதால், ரமலானில் நோன்பு திறந்தபின் இரவில் கொடுப்பதே நல்லது. உளூவைப் பொறுத்தவரை, ஹனஃபீ மத்ஹபில் முறியும், ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. ரமலானில் முகாம்கள் நடைபெறுவது அரிதாகிறது. நோயாளிகளோ அம்மாதத்திலும் குறைவதில்லை. தராவீஹுக்குப் பின் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கும் மஹல்லாக்கள் பெருக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய காரணம் ஒன்று உண்டு. பலர் கொடுக்காததற்குக் காரணம், அவர்களை எவரும் கேட்காததே. ஜும்ஆவுக்குப் பின் வாலிபர்களிடம் பேசும்போது, "எங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லையே ஹஜ்ரத்" என்று அவர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் மறுப்பு இல்லை, அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். 1921இல் அட்டைகளில் பெயர் எழுதிவைத்த அந்த மனிதர் செய்ததும் இதுவே: முன்கூட்டியே கேட்டு வைத்தார்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் அப்படியொரு பதிவேடு தொடங்குவது கடினமன்று. திருமண ஒப்பந்தத்திற்கும் ஜனாஸாவிற்கும் பதிவேடு வைத்திருக்கும் நாம், இரத்தப் பிரிவுகளுக்கும் ஒன்று வைக்கலாம். வீட்டில் பிள்ளைக்கு 18 வயது நிறைந்தவுடன் அத்தாவும் அம்மாவும் செய்யக்கூடிய நல்லதொரு காரியம், அவனை அல்லது அவளை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் இரத்த வங்கிக்கு ஒருமுறை அழைத்துச் செல்வது. தந்தை முதலில் தம் கையை நீட்டட்டும். பிள்ளையின் அச்சம் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அன்று அங்கே எந்த உறவினரும் படுக்கையில் இருக்க மாட்டார். எவரும் நன்றி கூற வரமாட்டார். நாம் கொடுத்தது யாருக்குச் சென்றது என்பது நமக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

நம் உடலில் ஓடும் இரத்தத்தை அவன் நமக்கு விலையின்றியே தந்தான். அதிலிருந்து ஒரு பங்கை அவனுடைய திருப்பொருத்தத்திற்காக, விலையின்றியே அவனுடைய அடியார்களுக்கு வழங்கும் மனத்தை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.